யார் சுருதிக்கு யார் பாடுவது? ஸ்கேல் சாதகம் பற்றிச் சில குறிப்புகள்

சில ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடியில் ஒரு நினைவுக் கூட்டம். 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் பேரணியில் போலீஸ் சுட்டதில் மாண்ட 13 பேருக்காகக் கடற்கரைத் தெரு ஒன்றில் கூடியிருந்தோம். பறையும் ஒரு கிதாரும் வைத்துப் பையன்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். இடையில் ஆச்சி ஒருத்தி எழுந்து வந்து மைக்கை வாங்கினாள். மீன் விற்கிறவள், அறுபத்தைந்து எழுபது வயதிருக்கும். யாரும் எழுதித் தராத ஒன்றை இழுத்துப் பாட ஆரம்பித்தாள். ஒப்பாரி என்றும் சொல்ல முடியாது, மாதா பாட்டின் சாயலும் அதில் இருந்தது. கிதார் வைத்திருந்த நண்பர் உடனே சேர்ந்துகொண்டார். முதலில் 'ஜி' கார்டு போட்டார், ஒட்டவில்லை. 'ஏ மைனர்' போட்டார், ஒட்டவில்லை. ஆச்சியின் குரல் இரண்டுக்கும் இடையில் எங்கோ நின்றது. நண்பர் சிரித்துக்கொண்டே, 'கொஞ்சம் ஏத்திப் படிங்க ஆச்சி' என்றார். அவள் ஒரு அடியை ஏற்றிப் படித்துப் பார்த்தாள். குரல் உடைந்தது. மைக்கை நீட்டி, 'நீங்களே படிங்கப்பா' என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் முடிந்து டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஸ்கேல், சாதகம், சுருதி சுத்தம் எல்லாம் மேட்டுக்குடிச் சமாச்சாரம், மக்கள் பாட்டுக்கு மூன்று கார்டு போதும், மிச்சத்தை உணர்ச்சி பார்த்துக்கொள்ளும் என்றார் நண்பர். பிறகு ஃபூக்கோவுக்குப் போனார். தினமும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது உடலைப் பணியவைக்கும் உத்தி, ஸ்கேல் பயிற்சி என்பது விரல்களுக்கான பரேடு என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். தலையாட்டியது தப்பு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பதினாலு வயதில் பங்குக் கோயில் பாடகர் குழுவில் கிதார் பிடித்தவன் நான். எங்களுக்குக் கிடைத்தது ஜெராக்ஸ் எடுத்த ஒரு கார்டு படம். அதைப் பார்த்து விரலை வைத்தால் பூசைப் பாட்டு ஓடிவிடும். தமிழ்நாட்டின் நூற்றுக்கணக்கான கோயில்களில் கிதார் என்றால் இன்றும் இவ்வளவுதான். சினிமாவிலும் அப்படியே. 'மூடுபனி' (1980), 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படங்களின் நிலாப் பாட்டுகளுக்கு முன்னால் வரும் கிதாரைப் பிடித்துவிட்டால் தெருவில் நாம்தான் மாஸ்டர். பிறகுதான் ஒருவரிடம் போனேன். துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். நைலான் கம்பி போட்ட ஸ்பானிஷ் கிதார் வைத்திருந்தார். உப்புக் காற்றில் அதன் கீழ்க்கம்பிகள் மூன்றும் கறுத்துக் கிடக்கும். நாலு மாசம் எனக்கு அவர் பாட்டே சொல்லித்தரவில்லை. 'சி' மேஜர் ஸ்கேல், ரெண்டு ஸ்தாயி, மேலே ஏறி கீழே இறங்கு. அவ்வளவுதான். 'பாட்டு எப்ப மாஸ்டர்?' என்று கேட்டால், 'ஏல, இது பாட்டு இல்லன்னு ஒனக்கு யாரு சொன்னா?' என்பார்.

எழுதுகிறவர்கள் பலருக்கு இந்தப் பயிற்சியில் என்னதான் நடக்கிறது என்று தெரியாது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் (வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள்) தொடங்கி முதல் கம்பியின் எட்டாம் ஃப்ரெட் வரை ஏறினால் 15 சுரங்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறிமாறித்தான் மீட்ட வேண்டும். ஒரே விரல் இரண்டு முறை அடுத்தடுத்து வரக்கூடாது. சொல்லும்போது எளிது. கம்பி மாறும் இடத்தில் விரல் ஏமாற்றும். எந்த விரல் சௌகரியமோ அதுதான் முந்திக்கொண்டு வரும். இடது கை வழியில் ஓரிடத்திலாவது கழுத்தின் மீது முழுசாக நகர வேண்டும். நகர்ந்த சத்தம் கேட்கக்கூடாது, நகர்ந்த பிறகு வரும் சுரம் முந்தைய சுரத்தைவிடப் பெருத்தோ இளைத்தோ ஒலிக்கக்கூடாது. இந்த இரண்டும் சரியாவதற்கே எனக்கு இரண்டு மாசம் ஆனது. அந்த இரண்டு மாசத்தில் வேகம் கூடவில்லை. கூடியது வேறொன்று. எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்பது கண்ணிலிருந்து காதுக்கும், காதிலிருந்து கைக்கும் இறங்கியது. ரொலான் பார்த் 1970-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் கேட்கும் இசை, வாசிக்கும் இசை என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவது தசைகளின் இசை என்பார். அதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். படித்ததோ பத்து வருஷம் கழித்து.

கிதார் உலகத்திலேயே இது முடிந்துபோன விவாதம் அல்ல. ஆந்த்ரே செகோவியா 1953-இல் மேஜர், மைனர் ஸ்கேல்களுக்கு விரல் எண்ணிட்டு ஒரு மெல்லிய புத்தகம் வெளியிட்டார். தினம் இரண்டு மணி நேரம் ஸ்கேல் வாசித்தால் கை வாகு, விரல் பலம், விரல்களின் தனித்தன்மை எல்லாம் கைகூடும் என்பது அவர் கட்சி. அவருக்கு நூறாண்டுக்கும் முன்னால் ஃபெர்னாண்டோ சோர், 1830-இல் பாரிஸில் வெளியிட்ட பாடநூலில், வேறு திசையில் போனார். இரண்டு குரல்கள் மூன்றாம், ஆறாம் இடைவெளிகளில் கைகோத்துப் போவதுதான் அவருக்குக் கையின் அடிப்படை. ஒற்றைச் சுர ஓட்டத்தில் வேகம் வேண்டுவோர் தன் சகா அகுவாதோவிடம் போகட்டும் என்ற தோரணை அவருடையது. எனக்குச் சோர் பக்கம் சாய்வு உண்டு. வேகத்துக்காக ஸ்கேல் என்ற வாதத்தில் சர்க்கஸ் வாடை அடிக்கிறது. ஆனால் சோரின் வழியும் காது தயாரான பிறகே திறக்கும். இரண்டு மணி நேரக் கணக்கைவிட முக்கியமானது, வாசிக்கும் அரை மணி நேரத்தில் கேட்கிறோமா என்பது. டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே ஸ்கேல் உருட்டுபவர்களை அறிவேன். அவர்களைப் பற்றி நண்பர் சொன்னால் ஒத்துக்கொள்வேன். அது பரேடுதான்.

இனி ஃபூக்கோ. 1975-இல் வந்த அவருடைய சிறைச்சாலை பற்றிய நூலில், துப்பாக்கியைத் தோளில் ஏற்றும் சிப்பாயின் அசைவும், பேனா பிடிக்கும் மாணவனின் உட்காரும் முறையும் சிறுசிறு கூறுகளாக உடைக்கப்பட்டு, கால அட்டவணையில் அடைக்கப்பட்டு, கண்காணிக்கப்பட்டு, பணியும் உடல்கள் உற்பத்தியாகும் விதம் விவரிக்கப்படுகிறது. ஸ்கேல் பயிற்சியோடு ஒப்பிட்டால் வியப்பான ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது. கிரேடு கிரேடாகப் படியேற்றும் லண்டன் இசைத் தேர்வுகளில் ஸ்கேலுக்கு மதிப்பெண் உண்டு. தேர்வாளர் எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். நகரத்துப் பள்ளிகளில் பிள்ளைகளை இதற்காகவே வறுத்தெடுக்கிறார்கள். இதை மறுக்கவில்லை. ஆனால் என் மாஸ்டரை இந்தச் சட்டகத்தில் எங்கே வைப்பது? பகலெல்லாம் சங்குக்கும் ஷிப்டுக்கும் கட்டுப்பட்டு, அடுத்தவன் மூட்டையை எண்ணிக்கொண்டிருந்த உடம்பு அது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல், கூலி இல்லாமல் ஸ்கேல் வாசித்தது. அந்த அட்டவணையை அவருக்கு யார் போட்டுக் கொடுத்தார்கள்? 1830களின் பிரெஞ்சுத் தொழிலாளிகள் தூங்க வேண்டிய நேரத்தைத் திருடிக் கவிதையும் தத்துவமும் எழுதியதைப் பற்றி ழாக் ரான்சியேர் 1981-இல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். உழைப்பாளிக்கு உழைப்பைத் தவிர வேறு பயிற்சி எதற்கு என்று முதலாளி கேட்பது புரிகிறது. நாமும் கேட்கலாமா?

நம்மவர்கள் அதிகம் மேற்கோள் காட்டும் இன்னொருவர் கிராம்சி. அவருடைய சிறைக் குறிப்பேடுகளில் கல்வி பற்றிய பக்கங்களை மட்டும் வசதியாகத் தாண்டிவிடுகிறோம். படிப்பு என்பதும் ஒரு வேலை, களைப்பூட்டும் வேலை, மூளைக்கு மட்டுமல்லாமல் தசைக்கும் நரம்புக்கும் அதில் தொழில்பழக்கம் தேவை என்கிறார் அவர். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு உட்கார்ந்து கவனிக்கும் பழக்கம் வீட்டிலேயே வந்துவிடுகிறது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு அது வலிந்து கற்க வேண்டியதாக இருக்கிறது. அதற்காகப் பாடத்தை லேசாக்குவது அவனுக்குச் செய்யும் உதவி ஆகாது என்பது அவர் வாதத்தின் சாரம். இதைச் சொன்னவர் பாசிசத்தின் சிறையில் இருந்தவர்; ஒழுங்கு, கட்டுப்பாடு என்ற சொற்களின் ஆபத்து அவருக்குத் தெரியாததல்ல.

நம் சூழலில் இது நேரே சாதிக்கு வந்து சேர்கிறது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் புரந்தரதாசர் வகுத்தவை என்பது மரபு. தொடக்கப் பாடம் மாயாமாளவகௌளை. இரண்டு பாதிகளும் ஒரே அமைப்பு என்பதால் காதுக்குப் பிடிகொடுக்கும். ஆக, கிதார்க்காரனின் ஸ்கேலுக்கு இணையான ஒன்று இங்கேயும் காலகாலமாக இருக்கிறது. நாகசுரக்காரர்கள் வீட்டில் இதற்குச் சாதகம் என்று பெயர். விடியுமுன் எழுந்து, உதடு வெடிக்க, மூச்சு வாங்கச் செய்த உடலுழைப்பு அது. 'அசுர சாதகம்' என்ற சொல்லே அந்த உழைப்பின் அடையாளம். ஆனால் சபா மேடைகளும் அவற்றின் விமர்சனங்களும் உருவாக்கிய சொல்லாடலில் என்ன நடந்தது? சாதகம் மறைந்து 'ஞானம்' முன்னுக்கு வந்தது. 'பரம்பரை ஞானம்', 'பூர்வ ஜன்ம வாசனை', 'ரத்தத்திலேயே இருக்கு'. உழைத்துப் பெற்றது பிறந்து பெற்றதாக மாற்றப்பட்டது. பிறப்பால் வருவதென்றால், அந்தப் பிறப்பு வாய்க்காதவன் எவ்வளவு முயன்றும் பயனில்லை என்றாகிறதல்லவா? கதவு சாத்தியாயிற்று. மூன்று கார்டு போதும் என்கிற நண்பரும், ரத்தத்தில் இருக்கணும் என்கிற சபா ரசிகரும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து சேரும் இடம் ஒன்றுதான். மீனவப் பையனுக்குச் சாதகம் வேண்டாம்.

இதே மாவட்டத்தில், தூத்துக்குடியிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் எட்டயபுரம் இருக்கிறது. பாரதியின் ஊர் என்பதோடு நம் நினைவு நின்றுவிடுகிறது. முத்துசாமி தீட்சிதர் 1835-இல் இறந்தது அங்கேதான். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். எட்டயபுரம் அரண்மனை வித்வானாக இருந்தார். அண்ணனோ, வெள்ளைக்காரர் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு 'நொட்டுஸ்வரம்' என்று சமஸ்கிருதத்தில் பாட்டுக் கட்டினார். பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் மெட்டும் அதில் அடக்கம். எல்லாம் சங்கராபரணம், அதாவது நான் நாலு மாசம் உருட்டிய அந்த மேஜர் ஸ்கேல். கமகம் கிடையாது. கமகத்தின் உச்சம் தொட்ட ஒருவர், அந்நியனின் மொட்டைச் சுரங்களை அவமானமாக நினைக்காமல் எடுத்து வைத்து விளையாடியிருக்கிறார். கிதார் ஸ்கேலை 'வெறும் ஏணி, ராகமில்லை' என்று ஒதுக்கும் சங்கீதக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். ஏணிதான். ஏணியை ராகம் என்று யாரும் சொல்லவில்லை.

அதே எட்டயபுரத்தில் 1904-இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சானது. குடும்பத்துக்குள் இருந்த சொத்து, கமகக் குறியீடுகளோடு, வெளியே வந்தது. அவரை இதற்குத் தூண்டியவர்களில் முக்கியமானவர் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர். 1890களில் கர்நாடக இசையை ஐரோப்பிய ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிட்டவர். புத்தகம் தெலுங்கு எழுத்தில் வந்தது, ஜமீன் பணத்தில் வந்தது, உப்பளத்தில் வேலை செய்தவன் கைக்கு வந்திருக்காது. எல்லாம் உண்மை. என்றாலும் வாயிலிருந்து காதுக்கு மட்டும் போனது, தாளில் ஏறியதும் வேறு பொருளாகிவிடுகிறது. செகோவியாவின் ஸ்கேல் புத்தகமும் அப்படித்தான். எந்த விரல், எந்தக் கம்பி என்று எண் போட்டிருக்கிறது. 'நீ யார் மகன்?' என்று அது கேட்பதில்லை.

கரையில் இருப்பவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வரும் பெயர் இளையராஜா. அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். தம்பிகள் கூடவே போய் வாசித்தார்கள். அதாவது நம்முடைய 'மூன்று கார்டு' மேடையிலிருந்து வந்தவர்தான் அவர். ஆனால் அதோடு நிற்கவில்லை. 1960களின் கடைசியில் சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையின் எழுத்தும் இலக்கணமும் படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். ஸ்கேல் வாசிக்காமல் யாரும் அந்தத் தேர்வைத் தாண்ட முடியாது. 1986-இல் 'ஹௌ டு நேம் இட்', 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேறிய சிம்பொனி என்று அந்தப் பாதை நீள்கிறது. அவருடைய அரசியல் நிலைப்பாடுகளோடு எனக்குக் கடுமையான முரண் உண்டு, அதை வேறிடத்தில் பேசலாம். இங்கே என் கேள்வி, அவருக்கு நாம் கொடுத்த பட்டம் பற்றியது. 'இசைஞானி'. அன்போடு கொடுத்ததுதான். ஆனால் ஒரு தலித் இளைஞன் விரல் நுனி காய்த்துப் போகச் செய்த வேலையை அது மூடிவிடுகிறது. ஞானிக்குக் காய்ப்பு இருக்காது. பதக்கச் செய்தியைக்கூட நாம் அதிசயமாகத்தான் சொல்கிறோம்; எத்தனை மணி நேரம் வாசித்தார் என்று யாரும் கேட்பதில்லை.

(முத்துக்குளிப்பைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இந்தக் கரையைப் பற்றி எழுதினால் ஆழம், மூச்சடக்கம், சிப்பிக்குள் முத்து என்று உவமை வந்தாக வேண்டும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. கவிதைகளில் இன்னும் தினமும் நடக்கிறது. சாதகத்துக்கு அந்த உவமை வேண்டாம், விட்டுவிடுகிறேன்.)

வேறொன்றைச் சொல்லாமல் விட முடியாது. மாஸ்டருக்குக் கிடைத்த அந்த ராத்திரி ஒன்பது மணி, அவர் வீட்டம்மாவுக்குக் கிடைத்ததில்லை. எங்கள் பாடகர் குழுவில் பாடியவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள், கிதார் பிடித்தவர்கள் எல்லாம் பையன்கள். சாதகம் செய்ய ஒரு மூலையும் ஒரு மணி நேரமும் வேண்டும். அதையும் சேர்த்துக் கேட்காமல் பயிற்சியின் பெருமை பேசுவது பாதி உண்மைதான்.

ஸ்கேலின் எல்லைக்கும் வருகிறேன். ஃப்ரெட் என்பது ஒரு வேலி. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டி வைத்திருக்கிறது. நம்முடைய பாட்டுகள் அந்த வேலிக்குள் நிற்பதில்லை. 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' எழுதிய ஆபிரகாம் பண்டிதர், சுருதி 22 அல்ல 24 என்று அத்தனை பக்கம் வாதாடியது இந்தச் சந்து பொந்துகளுக்காகத்தான். கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டில் இழுவைக்கு ஏற்பச் சுரம் வழுக்கும். எந்த ஃப்ரெட்டிலும் அது இல்லை. அப்படியானால் ஸ்கேல் படித்த காது இதைக் கேட்கவிடாமல் தடுக்குமா? நானும் அப்படித்தான் பயந்தேன். அனுபவம் வேறு மாதிரி இருந்தது. வேலி எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தவனுக்குத்தான் பாட்டு எங்கே வேலியைத் தாண்டுகிறது என்பது கேட்கிறது. கார்டு மட்டும் தெரிந்தவனுக்குத் தாண்டல் எல்லாம் 'சுருதி விலகல்' ஆகத்தான் படும். 'கொஞ்சம் ஏத்திப் படிங்க ஆச்சி' என்ற வாக்கியம் பிறப்பது அங்கே. மக்கள் கலை என்று சொல்லிக்கொண்டு, மக்களைத் தன் சுருதிக்கு வரச் சொல்கிறான். அதை அதிகாரம் என்று சொல்ல ஃபூக்கோ தேவையில்லை.

கேப்போ ஒன்றை மாட்டினால் போயிற்று, இதற்கா இவ்வளவு பேச்சு என்று கிதார் தெரிந்தவர்கள் கேட்கலாம். எந்த ஃப்ரெட்டில் மாட்டுவது என்று காது சொல்ல வேண்டுமே.

கூட்டம் முடிந்த அடுத்த வாரம் அந்த ஆச்சி வீட்டுக்குப் போனேன். முதலில் மறுத்தாள். 'எனக்கு அதெல்லாம் தெரியாதுய்யா, வாயில வந்துச்சு' என்றாள். பிறகு மீன் கூடையைக் கழுவிக்கொண்டே பாடினாள். அவளுடைய ஆதார சுரம் 'ஜி ஷார்ப்'புக்கும் 'ஏ'க்கும் நடுவே இருந்தது. ஆறு கம்பியையும் கால் சுருதி இறக்கி, 'ஏ'யில் வைத்தேன். கார்டு எதுவும் போடவில்லை. ஆதாரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் திறந்த கம்பிகளில் விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு சுரமாகப் போனேன். காந்தாரத்தில் மாட்டிக்கொண்டேன். அவள் தொடும் காந்தாரம் சாதாரண காந்தாரத்துக்கு மேலே, அந்தர காந்தாரத்துக்குக் கீழே. மைனர் ஃப்ரெட்டில் அழுத்தி, கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் நைலான் கம்பி கொஞ்சம்தான் ஏறுகிறது. இழுத்துப் பிடித்தேன். அவள் பாட்டை நிறுத்தி, 'ஆங், அதுதான்' என்றாள். ஒரு முறைதான் வந்தது. அடுத்த சுற்றில் விட்டுவிட்டேன்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் ஃபூக்கோவை விட்டுவிடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. ஆனால் போன மாசம் கிதாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஸ்டீல் கம்பிகள் துருப்பிடித்துச் சொரசொரவென்று இருந்தன, முதலில் அதை மாற்றினோம். 'சி' மேஜரில் ஐந்தாம் கம்பியிலிருந்து நாலாம் கம்பிக்குத் தாவும் இடத்தில் அவருக்கு ஆள்காட்டி விரல் இரண்டு முறை வருகிறது. எனக்கும் அங்கேதான் வந்தது.